மஸ்க்ரட்டில் தொடங்குங்கள், ஆறு பொறி போதும்

தம்பி கேட்டதன் சுருக்கம் இதுதான். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவை விட்டு வேலைக்காக வடக்கே நோர்த் பே பக்கம் வந்து இரண்டு வருடமாகிறது, வாடகை வீட்டுக்குப் பின்னால் சம்புப் புல் மண்டிய சதுப்பு ஒன்று இருக்கிறது, உரோமத் தோலுக்காகப் பொறி வைத்துப் பிடிக்கப் பழக ஆசை. எதில் தொடங்குவது, எத்தனை பொறி வாங்குவது, செலவுக்காவது காசு வருமா, மனைவிக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை, அதற்கு என்ன செய்யலாம்.

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நான் நிப்பிசிங் ஏரிக்கு மேற்கே, பால் பண்ணைகள் இருக்கிற பக்கத்தில், பதினான்கு குளிர்காலமாகப் பொறி வைக்கிறேன். கொம்பன் இல்லை. ஆனால் தொடங்குகிற ஒருவர் விடக்கூடிய பிழைகளில் பாதிக்கு மேல் நானே விட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் சட்டம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வகுப்பில் எப்படியும் விரிவாகச் சொல்லித் தருவார்கள். ஒன்ராறியோவில் பொறி உரிமம் எடுக்க முதலில் ஒரு பாடநெறி முடித்துச் சோதனையும் பாஸ் பண்ண வேண்டும், ஏறக்குறைய 40 மணித்தியாலம். அதைச் சடங்காக நினைக்காதீர்கள். அங்கே சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பது ஐம்பது வருடம் பொறி வைத்த ஆட்கள், தேநீர் இடைவேளையில் அவர்கள் கதைப்பதுதான் உண்மையான பாடம். அப்புறம் தனியார் காணி என்றால் சொந்தக்காரரின் அனுமதி, அதுவும் எழுத்தில். நீங்கள் வாடகைக்கு இருக்கிறபடியால் வீட்டுக்காரரிடமும், சதுப்பு யாருடையதோ அவரிடமும் வாங்க வேண்டும். அரச காடு என்றால் அது வேறு கதை. அங்கே 1940களிலிருந்து பதிவு செய்த பொறித்தடங்கள் என்ற முறை இருக்கிறது, ஒரு தடம் ஒருவர் பொறுப்பு, பீவர் (அணை கட்டும் பெரிய கொறிவிலங்கு), மார்ட்டின் (மரமேறும் மரநாய் போன்ற விலங்கு) போன்றவற்றுக்கு ஒதுக்கீட்டு எண்ணிக்கையும் உண்டு. அங்கே நீங்களாகப் போய்ப் பொறி வைக்க முடியாது, ஆனால் ஏற்கெனவே தடம் வைத்திருக்கிறவருக்கு உதவியாளராகச் சேரலாம், அது மிக நல்ல வழி. நாங்கள் நிற்கிற இந்த நிலம் 1850ஆம் ஆண்டு ரொபின்சன்-ஹூரன் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது என்பதையும் மனதில் வையுங்கள். இங்குள்ள பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களுக்கு வேட்டையும் பொறியும் ஒப்பந்த உரிமை, நாங்கள் உரிமத்தோடு வந்த விருந்தாளிகள்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வரி: இலங்கையிலோ இந்தியாவிலோ இதைச் செய்து பார்க்க நினைக்கவே வேண்டாம், அங்கே காட்டு விலங்குகளுக்கான சட்டங்கள் முற்றிலும் வேறு, கம்பி எண்ண வேண்டி வரும்.

சரி, எந்த விலங்கு. எல்லோருக்கும் கொயோட்டியும் (சின்ன ஓநாய் வகை) நரியும்தான் ஆசை, காணொளிகளில் அதுதான் எடுப்பாக இருக்கிறது. வேண்டாம். நரிக்குப் பொறி வைப்பது என்றால் உங்கள் கைமணம், சப்பாத்து மணம், பொறியில் ஒட்டிய எண்ணெய் மணம் எல்லாவற்றையும் அடக்கத் தெரிய வேண்டும், மண் உறையாமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும். முதல் வருடம் ஒன்றும் விழாது, இரண்டாம் வருடம் நீங்கள் பொறிகளை விற்றுவிடுவீர்கள். பீவர் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை, ஆனால் அதற்கான 330 என்ற பெரிய பொறி தொடக்கக்காரர் கைக்கு உகந்ததில்லை, தோலை உரித்துக் கொழுப்பு நீக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். மார்ட்டினுக்குக் காடும், பனியில் ஓடும் ஸ்கிடூ வண்டியும் வேண்டும். மிச்சம் மஸ்க்ரட். எலியும் பீவரும் சேர்ந்து பெற்ற பிள்ளை போல இருக்கும், ஏறக்குறைய ஒரு கிலோ எடை, பக்கவாட்டில் தட்டையான செதில் வால். ஒரே கோடையில் இரண்டு மூன்று ஈற்று ஈனும், அதனால் ஒரு சதுப்பில் கொஞ்சம் பிடித்தாலும் அடுத்த வருடம் நிரம்பிவிடும். உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஒரு தோல் பழுதானால் பெரிய நட்டமும் இல்லை. பழகுவதற்கு இதைவிட நல்லது கிடையாது.

பொறியைப் பற்றி. நீங்கள் வாங்க வேண்டியது 110 என்ற இலக்கமுள்ள பொறி. இது கொனிபேர் வகை, அதாவது இரண்டு சதுர இரும்புச் சட்டங்களும் ஒரு சுருள் வில்லும்; விலங்கு நடுவால் நீந்திப் போகும்போது விசைக்கம்பியில் பட்டால் சட்டங்கள் கத்தரிக்கோல் போலக் கழுத்தையோ நெஞ்சையோ அடித்துப் பிடிக்கும். திறப்பு நாலரை அங்குலச் சதுரம். இதைக் கண்டுபிடித்த பிராங்க் கொனிபேர் தானே காட்டில் பொறி வைத்து வாழ்ந்த ஆள், காலைக் கவ்வும் பழைய பொறிகளில் விலங்குகள் கிடந்து துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் உடனே கொல்லும் பொறி ஒன்றைச் செய்யப் பல வருடம் மினக்கெட்டார், 1950களின் கடைசியில்தான் அது கடைக்கு வந்தது. இன்றைக்குக் கனடாவில் எந்தப் பொறி எந்த விலங்குக்கு அனுமதி என்பதற்குப் பின்னால் 1997இல் ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ரஷ்யா மூன்றும் செய்த ஒப்பந்தம் இருக்கிறது. கொல்லும் பொறி என்றால் சோதனையில் குறைந்தது 80 சதவீத விலங்குகள் குறித்த நேரத்துக்குள் உணர்விழக்க வேண்டும்: வீசலுக்கு (கீரி போன்ற சின்ன விலங்கு) 45 விநாடி, மார்ட்டினுக்கு 120, மற்றவற்றுக்கு 300. இந்தச் சோதனைகள் அல்பேர்ட்டாவில் வெக்ரவில் என்ற ஊரில் நடக்கின்றன, 2007 இலையுதிர் காலத்திலிருந்து சான்றிதழ் பெற்ற வகைகளைத்தான் பாவிக்கலாம். ஆகவே பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடக்கிறது என்று துருப்பிடித்த பொறிகளை அள்ளிக்கொண்டு வராதீர்கள். பெயரையும் இலக்கத்தையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எத்தனை? ஆறு. கடைக்காரர் டசினாகத்தான் விலை சொல்வார். டசினாகவே வாங்குங்கள், ஆனால் முதல் மாதம் ஆறை மட்டும் வையுங்கள். ஏன் என்பதற்கு என் கதை.

முதல் வருடம் நான் மூன்று டசின் வாங்கினேன். ஒக்டோபர் கடைசி, சனிக்கிழமை முழுக்க நின்று முப்பத்தாறையும் வைத்தேன். ஞாயிறு விடியப் போனால் பதினேழு மஸ்க்ரட். தலைகால் புரியவில்லை எனக்கு, படம் எடுத்து ஆட்களுக்கு அனுப்பினேன். அன்றைக்கு இரவு வேலை. நாலு தோலை உரிக்கவே மூன்று மணித்தியாலம் போயிற்று, இரண்டில் ஓட்டை. மிச்சம் பதின்மூன்றையும் ஈரத்தோடு கராஜில் ஒரு பெட்டிக்குள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு வேலைக்குப் போனேன். திங்கட்கிழமை தூங்கி எழும்பிப் பார்த்தபோது வெளியே வெயில், கராஜ் சூடு, அடியில் இருந்தவற்றின் வயிறு பச்சையாகிவிட்டது. இரண்டு விரலால் வயிற்று மயிரைப் பிடித்து மெல்ல இழுத்தேன், கொத்தாகக் கையோடு வந்தது. ஒன்பது தோல் குப்பைக்கு. ஒன்பது விலங்கைச் சும்மா கொன்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பாடநெறி சொல்லித் தந்த கிழவரிடம் சொன்னேன், அவர் திட்டவில்லை, "ஒரு பின்னேரத்தில் எத்தனை உரிப்பாயோ அத்தனை பொறி வை" என்றார், அவ்வளவுதான். வேகம் வந்தபிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நான் இப்போது ஒன்றை ஆறேழு நிமிடத்தில் உரிப்பேன், அந்தக் கிழவர் கதைத்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் முடிப்பார்.

இடம் பார்ப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பொறி வைக்கிற நாளில் இடம் தேடாதீர்கள், செப்டெம்பரிலேயே இரண்டு மூன்று தரம் சும்மா நடந்து பாருங்கள். சம்புத் தண்டுகளைக் கடித்துக் குவித்துக் கட்டிய குடில்கள் தூரத்திலேயே தெரியும். அவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியது தண்ணீருக்கு அடியில். கரையோரமாக நின்று, முகில் இல்லாத மத்தியானத்தில், உள்ளே பாருங்கள்: சேற்றில் ஓர் அரையடி அகலத்தில் வாய்க்கால் போல ஒரு தடம் கரைக்குள் போகும், சுற்றியுள்ள அடி எல்லாம் அழுக்கும் பாசியுமாகக் கிடக்க அந்தத் தடம் மட்டும் கூட்டித் துடைத்தது போலச் சுத்தமாக இருக்கும். அதன் முடிவில் கரையில் ஒரு துளை. அதுதான் ஓடுபாதை, தினமும் வீட்டிலிருந்து சாப்பாட்டுக்குப் போய் வரும் வழி. மரக்குற்றிகளிலும் கல்லிலும் சிறு பயறு அளவில் எச்சம் கிடந்தால், கடித்த பச்சைத் தண்டுகள் மிதந்தால், ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். நவம்பரில் முதல் பனிக்கட்டி கண்ணாடி போல மெல்லிசாகப் படியும்போது இன்னும் சுகம்: நீந்தும்போது அது விடுகிற மூச்சும் உரோமத்திலிருந்து கழலும் காற்றும் கட்டிக்கு அடியில் வெள்ளைக் குமிழிகளாக ஒட்டிக்கொண்டு, மேலே இருந்து பார்த்தால் சோக்கட்டியால் கோடு போட்டது போல ஓடுபாதை முழுவதும் தெரியும். அந்தக் கட்டியில் ஏறக் கூடாது, கரையிலிருந்து பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ள மட்டும்தான்.

என் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடலில் சிறகுவலை போட்டவர். தடி நட்டு வலையை நீளச் சிறகு போல விரித்து, மீன் தானாகவே கூட்டுப்பக்கம் திரும்பும்படி விடுவார்கள், மீனை யாரும் துரத்துவதில்லை. இங்கே செய்வதும் அதேதான், அளவு மட்டும் சின்னது. ஓடுபாதை பொறியைவிட அகலமாக இருந்தால் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் குச்சிகளை நட்டு ஒடுக்குங்கள். வேலி கட்ட வேண்டாம், பக்கத்துக்கு இரண்டு மூன்று போதும், அதுவும் அங்கேயே கிடக்கிற காய்ந்த குச்சி. இரை வேண்டாம், மணமும் வேண்டாம். பொறி முழுவதும் தண்ணீருக்குள், அடிச்சட்டம் சேற்றில் பட்டுக்கொண்டு, ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் மஸ்க்ரட் தள்ளிவிட்டுப் போய்விடும். விசைக்கம்பி இரண்டையும் கவணின் கவை போல விரித்துவிடுங்கள். சங்கிலியை ஒரு காயாத தடியில் கம்பியால் இறுகச் சுற்றி, தடியைச் சேற்றில் ஆழ அடியுங்கள். என்னுடைய மூன்று பொறிகள் இன்றைக்கும் ஏதோ ஒரு சதுப்பின் அடியில் கிடக்கின்றன, காய்ந்த தடியில் கட்டி முறிந்து போனவை. ஒவ்வொன்றையும் எங்கே வைத்தீர்கள் என்று கொப்பியில் படம் கீறி எழுதுங்கள். பளிச்சென்ற நாடா கட்டினால் உங்களுக்கு மட்டுமல்ல, களவெடுக்கிறவருக்கும் தெரியும்.

புதுப் பொறியில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், சவர்க்காரம் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டு வெளியே மழையில் தொங்கவிடுங்கள், லேசாகத் துருப்பிடித்து மினுக்கம் போகும், மஸ்க்ரட்டுக்கு அவ்வளவே போதும். சிலர் மெழுகு பூசச் சொல்வார்கள். அது நரிப் பொறிக்கு. கொனிபேர் வகைக்கு மெழுகு பூசவே கூடாது, விசை வழுக்கி, நீங்கள் கையில் வைத்திருக்கும்போதே அடிக்கும்.

அடிப்பது பற்றி இன்னும் கொஞ்சம். 110 விரலில் அடித்தால் நகம் கறுக்கும், தூஷணம் வாயில் வரும், அதோடு சரி. 220, அதாவது ஏழு அங்குலம், விளையாட்டில்லை. 330, பத்து அங்குலம், கையை அடித்தால் ஒரு கையால் கழற்றவே முடியாது. இந்தப் பெரியவற்றைத் தொடுவதற்கு முன்னால் நாலடிக் கயிறு ஒன்றின் ஒரு முனையில் காலை விடும் அளவுக்குக் கண்ணி போட்டு எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். மாட்டிக்கொண்டால் கயிற்றின் மற்ற முனையை வில்லின் முதல் வளையத்தால் விட்டு மற்ற வளையத்தாலும் எடுத்து, திரும்ப ஒருதரம் முதல் வளையத்தால் விட்டு, கண்ணிக்குள் காலை வைத்து மிதித்துக்கொண்டு முனையைச் சுதந்திரமான கையால் மேலே இழுக்க வேண்டும். வில் ஒடுங்கும், கொக்கியைப் போட்டுவிடலாம். இதைக் கராஜில், குளிருக்குப் போடுகிற கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டும் பழகுங்கள், ஒரு தடியைக் கையாக நினைத்து. இதே வித்தைதான் யாராவது ஒருவரின் நாய் 220இல் தலையைக் கொடுத்தால் அதைக் காப்பாற்றும், அப்போது உங்களுக்கு இருப்பது மிகக் கொஞ்ச நேரம். ஆகவே நாய் நடக்கிற இடத்தில் 220ஐத் தரையில் வைக்காதீர்கள் என்று சொல்வேன், சட்டம் விட்டாலும். ஒரு நாய் செத்தால் அந்த ஊரில் ஒருவரும் உங்களைக் காணிக்குள் விடமாட்டார்கள், அது நியாயமும்கூட.

ரக்கூன் பிடிக்க ஆசை வரும், கோழி வளர்க்கிற பக்கத்துவீட்டார் கேட்பார்கள். அதற்கு நாய்க்குப் பாதிப்பில்லாத குழாய்ப் பொறி ஒன்று இருக்கிறது. கைக்குள் அடங்குகிற ஒரு குழாய், அடியில் இரை, ரக்கூன் கையை விட்டு விசையை இழுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளும். நாய்க்கும் பூனைக்கும் அப்படிக் கையை விட்டு இழுக்கத் தெரியாது. இரைக்கு மீன் போட்டால் ஊர்ப் பூனை எல்லாம் வந்து நிற்கும், மார்ஷ்மெல்லோ போடுங்கள், பூனை திரும்பியும் பார்க்காது, ரக்கூனுக்கு அது பஞ்சாமிர்தம். ஆனால் இது உயிரோடு பிடித்துவைக்கும் பொறி, ஒவ்வொரு நாளும் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும், போனால் அதை நீங்களே சுட வேண்டும். அதற்கு .22 ரகத் துவக்கு ஒன்றும் துவக்கு உரிமமும் வேண்டும், அதைவிட முக்கியமாக, கண்ணைப் பார்த்துக்கொண்டு தலையில் ஒரே வெடியில் முடிக்கிற மனம் வேண்டும். அது இல்லாவிட்டால் வெட்கமில்லை, தண்ணீருக்குள் கொல்லும் பொறியோடு நின்றுகொள்ளுங்கள். கொல்லும் பொறியையும் நான் தினமும்தான் பார்க்கிறேன். எப்போதாவது ஒன்று பிழையாக மாட்டியிருக்கும், ஒரு தாராவும் ஒருதரம் மாட்டியது. அதை நீங்கள் காண வேண்டும், பொறியை எங்கே பிழையாக வைத்தீர்கள் என்று அப்போதுதான் விளங்கும்.

தோலுரிப்பு. தண்ணீரில் இருந்து எடுத்ததும் உரோமத்தில் சேறு போகும்வரை அங்கேயே அலசி, உதறி, வாலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். ஈரத் தோலை உரித்தால் வழுக்கும், கத்தி தவறும். பிறகு பின்னங்கால் ஒன்றின் குதியிலிருந்து வாலடி வழியாக மற்றக் குதிவரை ஒரே வெட்டு, வாலைச் சுற்றி ஒரு வெட்டு. அதோடு கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள், இனிமேல் விரல்தான் வேலை செய்ய வேண்டும். தோலுக்கும் சதைக்கும் இடையில் பெருவிரலை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனால், சின்னப் பிள்ளைக்குக் குளிக்கவைக்க முதல் பெனியனைத் தலைக்கு மேலால் கழற்றுவது போலக் கழன்று வரும். முன்கைகளை விரலால் உருவி எடுக்க வேண்டும். காது, கண், மூக்கு, இந்த மூன்று இடத்திலும் மட்டும் கத்தி மறுபடியும், எலும்போடு ஒட்டி, மெல்ல. என் ஓட்டைகள் எல்லாம் கண்ணுக்குப் பக்கத்தில்தான் விழுந்தன. கை பழகும்வரை கையுறை போடுங்கள், பழகிய பிறகும் போடுங்கள். மஸ்க்ரட், பீவர், முயல் மூன்றிலும் துலரேமியா என்ற பக்டீரியா நோய் இருக்கலாம், அது உங்களுக்குத் தொற்ற, சின்ன வெட்டுக்காயம் போதும். நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சலும் கட்டியுமாக டொக்டரிடம் போனால், இந்த விலங்குகளைத் தொட்டேன் என்று நீங்களாகச் சொல்லுங்கள், அவர் கேட்கமாட்டார்.

உரித்த தோலின் அக்குளிலும் வாலடியிலும் இருக்கிற கொழுப்பை மொட்டைக் கத்தியால், இல்லாவிட்டால் ஒரு கரண்டியால் வழியுங்கள். முதுகில் மெல்லிய சிவப்புச் சதைப்படலம் ஒன்று ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யப்போகாதீர்கள், மயிர்க்கால் வெளியே தெரியும், விலை பாதியாகும். பிறகு உரோமம் உள்ளே, தோல் வெளியே இருக்கும்படி கம்பிச் சட்டத்தில் மாட்டி, இரண்டு கண்ணும் ஒரு பக்கம் வரும்படி நேராக்கி, இறுக்காமல் இழுத்து நிறுத்துங்கள். பெரிதாக்க வேண்டும் என்று இழுத்தால் மயிர் ஐதாகிவிடும், தரம் பிரிக்கிறவர்கள் ஏமாறமாட்டார்கள். குளிர்ந்த கராஜ், மெல்லிய காற்று, மூன்று நாலு நாள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து அவசரப்படுத்தினால் கொழுப்பு உருகித் தோலைச் சுட்டுவிடும். காய்ந்த தோலைத் தட்டினால் அப்பளம் போலச் சத்தம் வரும், அப்போது கழற்றுங்கள். நேரமில்லாத நாளில் விலங்கை உரோமம் காய்ந்த பிறகு முழுதாகப் பையில் கட்டி ஃப்ரீசரில் போடலாம், அந்த முதல் வருடம் இதை யாராவது சொல்லியிருந்தால் ஒன்பது தோல் மிஞ்சியிருக்கும்.

காசு. சொன்னால் சிரிப்பீர்கள். 2013 வாக்கில் சீனாவும் ரஷ்யாவும் போட்டி போட்டு வாங்கியபோது மஸ்க்ரட் தோல் சராசரி பத்து டொலரைத் தாண்டியது, வேலையை விட்டுவிட்டுப் பொறி வைத்தவர்களும் உண்டு. அப்புறம் விழுந்தது விழுந்ததுதான். ரொறன்ரோவில் இருந்த பெரிய ஏல நிறுவனம் 2019இல் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய், பிறகு இல்லாமலே போயிற்று. இப்போது எஞ்சியிருப்பது உங்கள் ஊரிலேயே இருக்கிற ஃபர் ஹார்வெஸ்டர்ஸ் ஏலம், அதற்குத் தோல் கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் ஒருதரம் போய்த் தரம் பிரிப்பதைப் பாருங்கள். மேசையில் தோல்களை அவர்கள் வாரிப் போடுகிற வேகத்தில், உங்கள் தோல் ஏன் கீழ்த்தரத்துக்குப் போயிற்று என்று ஒரே நாளில் விளங்கிவிடும். பெற்றோல், வேடர்ஸ் (நெஞ்சுவரை வரும் தண்ணீர் புகாத காற்சட்டை), பொறி எல்லாம் கழித்தால் முதல் மூன்று வருடம் நட்டம். பீவருக்கு வந்த பிறகு தோலோடு சேர்த்து அதன் மணச்சுரப்பியும் விலைபோகும், வாசனைத் திரவியக்காரர் வாங்குவார்கள், சில வருடம் தோலைவிட அதற்குத்தான் நல்ல காசு. இந்த நாட்டின் கதையே அந்த விலங்குதான், 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே நிறுவனம் துப்பாக்கிக்கும் கம்பளிக்கும் விலை சொன்னதே இத்தனை பீவர் தோல் என்றுதான், 1937இலிருந்து ஐந்து சத நாணயத்தில் அது உட்கார்ந்திருக்கிறது, அந்த நிறுவனமோ 2025இல் கடையை மூடிவிட்டது. இன்றைக்குப் பண்ணைக்காரர் உங்களைக் கூப்பிடுவது தோலுக்காக இல்லை. பீவர் அணை கட்டி வயலை மூழ்கடிக்கிறது, அதை எடுத்துவிட்டால் போதும் என்று. என்னுடைய முதல் அனுமதியே அப்படித்தான் கிடைத்தது. அவருக்குப் பிரெஞ்சு, எனக்கு அரைகுறை ஆங்கிலம், கைச்சைகையில் பேசி முடித்து, அனுமதிக் கடிதத்தைப் பால் ரசீதின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்.

குளிர்ந்த தண்ணீரை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். மனிடோபா பல்கலைக்கழகத்து கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் தானே உறைந்த தண்ணீரில் இறங்கிப் பார்த்துச் சொன்ன கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. விழுந்ததும் மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிடம், கைகால் வேலை செய்ய ஏறக்குறைய பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். அதாவது முதல் நிமிடம் பதறாமல் இருந்தால் வெளியே வர நேரம் இருக்கிறது. வேடர்ஸ் போட்டால் மேலே இடுப்பில் பட்டி இறுக்கிக் கட்டுங்கள், உயிர்காப்பு அங்கி போடுங்கள், எந்தச் சதுப்பு, எத்தனை மணிக்கு வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள். குளிர்காலத்தில் கட்டிமேல் போனால் கையில் அலவாங்கு போன்ற இரும்புக்கோல், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குத்திப் பார்த்து. தெளிந்த நீலக் கட்டி பத்து சென்டிமீட்டராவது வேண்டும், வெள்ளைக் கட்டிக்கு அதன் பாதி பலம்தான். குடில்களுக்கும் பீவர் வீட்டுக்கும் பக்கத்தில் நீரோட்டமும் அவற்றின் போக்குவரத்தும் சேர்ந்து கட்டியை அடியிலிருந்து அரித்திருக்கும், மேலே பனி மூடி ஒன்றும் தெரியாது.

எப்போது தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். பருவத் தேதியை அந்தந்த வருடத்து அறிவித்தலில் பாருங்கள். அதற்குள் எனக்குப் பிடித்தது ஒக்டோபர் கடைசியிலிருந்து கட்டி படியும்வரை. வசந்தத்தில் தோல் இன்னும் முற்றியிருக்கும், ஆனால் அந்த நேரம் கடுவன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறித் தோல் முழுக்கப் பொத்தல்.

இனி மனைவி. என் வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். முதல் வருடம் நான் மஸ்க்ரட்டைக் குசினி ஃப்ரீசரில், பிலாக்கொட்டைப் பைக்குப் பக்கத்தில், கறுப்புப் பையில் சுற்றி வைத்தேன். மாமியார் ஊரிலிருந்து வந்து நின்ற நேரம். அவர் அதைக் கணவாய் என்று நினைத்து எடுத்து, உருகவிட்டு, அவிழ்த்தார். அன்றைக்கே கராஜுக்கு இரண்டாவது ஃப்ரீசர் வாங்கினோம். நீங்கள் பொறி வாங்க முதல் அதை வாங்குங்கள், பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கும். உடுப்பைக் கராஜிலேயே மாற்றுங்கள், தோலுரிக்கிற கத்தி வீட்டுக்குள் வரவே கூடாது. அப்புறம் அவரை வற்புறுத்திச் சதுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். என் மனைவி நாலாம் வருடம் தானாக வந்தார், ஒரு பொறியும் தொடவில்லை, கரையில் நின்று பனிக்கட்டிக்கு அடியில் அந்த வெள்ளைக் குமிழிக் கோட்டைப் பார்த்துவிட்டு, இது எங்கே போகிறது என்று கேட்டார்.